அம்மாவின் குரலையும் முகத்தையும் மீட்பதற்குள் பட்ட பாடு

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய போனை ரீசெட் செய்ய யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சிம்மையும் உடனே நிறுத்தாதீர்கள். பழைய படங்களின் அசலை யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். இந்த மூன்றும்தான் முக்கியம். மற்றதைப் பிறகு படித்தாலும் பரவாயில்லை.

அம்மா போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. அவருடைய குரல் பதிவுகள், படங்கள், அவரைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்த சங்கதிகள் எல்லாவற்றையும் பேரப்பிள்ளைகளுக்காக ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம். வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆனால் வழியில் சிலர் அலட்சியமாகச் சொன்ன யோசனையைக் கேட்டிருந்தால் பாதிக்கு மேல் அழிந்திருக்கும். நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

முதலில் போன். அம்மாவுடையது பழைய ஆண்ட்ராய்டு. மருத்துவமனையில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. மறுபடி ஆன் செய்தால் பின் நம்பர் கேட்டது. அது எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க, தப்பாகும்போதெல்லாம் காத்திருக்க வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போனது. ஐபோன் வைத்திருப்பவர்கள் இப்படி முயன்று பார்க்கவே வேண்டாம். 10 முறை தவறினால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிடும் ஒரு செட்டிங் அதில் உண்டு. அதை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால் அவ்வளவுதான்.

போன் பழுது பார்க்கும் இடத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் போனைக் கையில்கூட வாங்கவில்லை. "ரீசெட் போட்டுடலாம், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். உள்ளே அம்மா பேசி அனுப்பியதெல்லாம் இருக்கிறதே என்றேன். "அதெல்லாம் பேக்கப்ல இருக்கும், வந்துடும்" என்றார். பேக்கப் இருக்கிறதா, எந்தக் கணக்கில் இருக்கிறது என்று எதையும் பார்க்காமல் வந்த பதில் அது. அண்ணனும் சரி என்று சொல்லப் போனார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

என் மகள்தான் வழி சொன்னாள். "மா, பாட்டி போன்ல எல்லாம் அவன்தானே செஞ்சு குடுப்பான், அவனைக் கேளு." அவள் சொன்னது விடுதியில் தங்கிப் படிக்கும் அண்ணன் மகனை. கேட்டதும், "நான்தான் அத்தை அந்த நம்பரைப் போட்டுக் குடுத்தேன்" என்றான். திறந்துவிட்டது! பிறகு பேக்கப்பைப் பார்த்தால், இடம் நிரம்பி எப்போதோ நின்றுபோயிருந்தது. ரீசெட் செய்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. வீட்டில் யாருக்கும் தெரியாது என்று முடிவுகட்டும் முன் பிள்ளைகளைக் கேளுங்கள்.

அடுத்தது சிம். செல்போன் நிறுவனத்தின் கவுண்டரில் இருந்தவர், "இறந்தவங்க பேர்ல நம்பர் வெச்சிருக்கக் கூடாது, இன்னைக்கே சரண்டர் பண்ணிடுங்க" என்று படிவத்தை நீட்டினார். பெயர் மாற்ற வேண்டும் என்று சொன்னால் வேறு கவுண்டரைக் காட்டினார். அந்தக் கவுண்டரில் ஆளே இல்லை. காத்திருந்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த முறை இருந்த பெண், இறப்புச் சான்றிதழையும் எங்கள் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு எண்ணை அப்பா பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். முதல் ஆள் ஏன் இதைச் சொல்லவில்லை என்று இன்னும் புரியவில்லை. எண் போய்விட்டால் ஓடிபி வராது. அந்தப் போன் பழுதானால் வேறு போனில் வாட்ஸ்அப்பைத் திறக்க முடியாது. வேறொருவருக்கு அந்த எண் போய்ச் சேரவும் கூடும். பயன்பாட்டில் இல்லாத வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் கழித்துப் பொதுவாக நீக்கப்பட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அம்மா டைப் செய்ய மாட்டார். எதுவானாலும் குரல் பதிவுதான். இவற்றை எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யலாம், ஆனால் படம், குரல் பதிவு போன்ற மீடியாவோடு எடுத்தால் அண்மைக்கால உரையாடல் வரைக்கும்தான் வரும், பழையது விட்டுப்போகும். அதனால் போனின் கோப்புகளுக்குள் போய், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் என்ற ஃபோல்டரை அப்படியே கணினிக்கு மாற்றினோம். உள்ளே வாரவாரியாகப் பிரித்து வைத்திருக்கும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதி இருக்கும், யார் பேசியது என்று இருக்காது. அம்மா அனுப்பியது, அம்மாவுக்கு வந்தது எல்லாம் கலந்து கிடக்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

அந்த வேலையை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. "மழை வருது, துணியை எடுத்துட்டியா", "பரீட்சை எழுதிட்டு வந்ததும் பிள்ளையைப் பேசச் சொல்லு" என்று எல்லாமே அன்றாடப் பேச்சு. ஒன்றில் அம்மா பேசவே இல்லை. பட்டனை அழுத்தியது தெரியாமல் ஏதோ வேலையாக இருந்திருக்கிறார். பின்னால் மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுப்பது மட்டும் கேட்கிறது. அந்தப் பதிவு எனக்கு வந்த நாளில் தவறுதலாக வந்தது என்று பாதியிலேயே நிறுத்தியிருப்பேன். இப்போது அதைத்தான் அதிகம் கேட்கிறேன். அதனால், காலியாக இருக்கிறது, தெளிவாக இல்லை என்று எதையும் அழித்துவிடாதீர்கள். இந்தக் கோப்புகள் ஓப்பஸ் வடிவத்தில் இருக்கும். எல்லா பிளேயரிலும் ஓடாது என்பதால் எம்பி3 பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு, அசலையும் வைத்திருங்கள்.

படங்கள் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். அம்மா நடுவயதில் இருந்த ஒரு குடும்பப் படம் உண்டு. அதிலிருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்லி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். வந்த படத்தைப் பார்த்ததும் என் மகள், "இது பாட்டி இல்ல" என்றாள். தோல் வழவழவென்று இருந்தது. கண் வேறு யாருடைய கண்ணோ. மோவாயில் இருந்த தழும்பைக் காணோம். கேட்டால், "இப்ப எல்லாரும் இப்படித்தான் கேக்கறாங்க, நல்லாத்தானே இருக்கு" என்றார் கவுண்டரில் இருந்தவர். குழுப் படத்தில் ஒரு முகம் மிகச் சிறியது. அதில் இல்லாத விவரத்தை மென்பொருள் தானாக ஊகித்து நிரப்புகிறது. பார்த்திராத ஒரு முகத்தைப் பொருத்திவிட்டு அதை என் அம்மா என்று என்னிடம் தந்தால் எப்படி வாங்கிக்கொள்வேன்? வாங்க மறுத்து அசலைத் திரும்பக் கேட்டோம். அதற்கே, தேடிப் பார்க்கிறேன் என்று இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். இப்படிக் கொடுக்கும்போது "எதையும் மாற்றக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் எல்லாவற்றையும் நாங்களே ஸ்கேன் செய்தோம். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சலாக வரும். ஆனால் பிரிண்டில் இல்லாத விவரத்தை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது, அம்மாவின் முகம் சிறியதாகவே இருந்தது. எங்களைக் காப்பாற்றியது ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் செருகியிருந்த ஒரு கவர். குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்ததைப் பிரித்துப் பார்த்தால், அந்தப் படத்தின் நெகட்டிவ்! 35 மி.மீ. நெகட்டிவில் சின்ன பிரிண்டில் தெரியாத விவரமும் இருக்கும். நெகட்டிவை ஸ்கேன் செய்யும் ஆளைத் தேடிப் பிடித்து, பக்கத்திலேயே இருந்து எடுத்து வந்தோம். அம்மாவின் முகம் கிடைத்தது, தழும்போடு.

பசைப் பக்கம் உள்ள ஆல்பங்களில் படம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். பல் இடுக்கு நூலை அடியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிய படத்தையும் கண்ணாடியோடுதான் எடுக்க வேண்டும். பின்புறம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை பதிந்துவிடும். லேமினேட் மட்டும் செய்யவே கூடாது. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்பது இப்போது சித்திக்கு மட்டும்தான் தெரியும். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய், பதிவு செய்கிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டு ரெக்கார்டரை ஆன் செய்து வைத்தோம். கேள்வி கேட்டால் அவருக்கு ஒன்றும் வரவில்லை. படத்தைக் காட்டினால் தானாக வருகிறது. மோவாய்த் தழும்பு சின்ன வயதில் படியில் விழுந்தது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். சித்தி சிரித்துக்கொண்டே, "உங்க தாத்தா சைக்கிளைத் தெரியாம எடுத்துட்டுப் போய் விழுந்தா. நான்தான் பின்னாடி உக்காந்திருந்தேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றார். அம்மா சைக்கிள் ஓட்டுவார் என்பதே எங்களுக்குத் தெரியாது. பேரன் அதை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

ஃபேஸ்புக் இருந்தால் ஒரு எச்சரிக்கை. நினைவுப் பக்கமாக மாற்றிவிட்டால் அதன் பிறகு யாரும் உள்ளே போக முடியாது. வேண்டிய படங்களை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலும் அப்படியே விடக் கூடாது. 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் நீக்கலாம்.

அப்பாவின் போனில் இதையெல்லாம் இப்போதே சரிசெய்துவிட்டோம். கூகுளில் செயலற்ற கணக்குக்கான பகுதி இருக்கிறது, கணக்கு பயன்பாட்டில் இல்லாமல் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று 10 பேர் வரை குறிப்பிடலாம். ஐபோனில் ஐஓஎஸ் 15.2 முதல் மரபுத் தொடர்பு (லெகசி காண்டாக்ட்) வசதி உண்டு, நமக்குப் பிறகு நம் கணக்கில் இருப்பதை யார் எடுக்கலாம் என்று அதில் குறிப்பிடலாம். அவர் எடுப்பதற்குச் சாவி எண்ணும் இறப்புச் சான்றிதழும் தேவைப்படும். பேசத் தயங்கிக்கொண்டிருந்தோம். அப்பாதான், "எனக்கும் செஞ்சு வெச்சுடுங்க" என்று ஆரம்பித்தார். பின் நம்பரை ஒரு நோட்டில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் காட்டியிருக்கிறார். எல்லாக் கோப்புகளையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கிலும் ஆன்லைனிலும் வைத்தாயிற்று, ஒரு டிஸ்க் அண்ணன் வீட்டில். சித்தியிடம் இன்னும் இரண்டாவது ஆல்பம் பாக்கி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.