சமன்படுத்தப்பட்ட கட்டணமும் சரிந்த கிழக்கும்

இந்திய வரைபடத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் தோண்டப்படும் மாவட்டங்களை ஒரு வண்ணத்திலும், வறுமை ஆழமாக வேரூன்றிய மாவட்டங்களை மற்றொரு வண்ணத்திலும் தீட்டிப் பார்த்தால், ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களில் பல இடங்களில் இரு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் காணலாம். பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து முன்னேற்றும் திட்டத்தை 2018இல் ஒன்றிய அரசு தொடங்கியபோது, ஜார்க்கண்டின் 24 மாவட்டங்களில் 19 அதில் இடம்பெற்றன. தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் மட்டுமே சேர்க்கப்பட்டன. நாட்டின் நிலக்கரி வளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை நிலத்தடியில் வைத்திருக்கும் ஒரு மாநிலத்தின் மக்கள் திருப்பூரின் பின்னலாடை ஆலைகளுக்கும் திருப்பெரும்புதூரின் கட்டுமானத் தளங்களுக்கும் பிழைப்பு தேடி வருகிறார்கள் என்பதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஆனால் அது ஏன் அப்படி ஆயிற்று என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் அரிதாகவே கேட்கிறோம். கேட்டாலும் "அவர்கள் படிக்கவில்லை, அங்கே ஆட்சி சரியில்லை" என்ற ஒற்றை வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

கிழக்கு இந்தியா எப்போதும் இந்த நிலையில் இருந்ததில்லை. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 1960-61இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் மேற்கு வங்கத்தின் பங்கு 10.5 விழுக்காடு, அம்மாநிலத்தின் தனிநபர் வருமானம் தேசிய சராசரியைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக இருந்தது. 2023-24இல் அந்தப் பங்கு 5.6 விழுக்காடாகச் சுருங்கி, தனிநபர் வருமானம் தேசிய சராசரியின் 84 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. இதே காலத்தில் தேசிய சராசரியைச் சற்றே தாண்டியிருந்த தமிழ்நாடு அதன் 171 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. ஜாம்ஷெட்பூரில் 1907இல் நிறுவப்பட்ட டாடா உருக்கு நிறுவனம், பர்ன்பூர் உருக்காலை, ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரி வயல்கள், ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகள், கல்கத்தா துறைமுகம் என்று விடுதலையின்போது நாட்டின் தொழில் வலிமையில் பெரும்பகுதி அங்கேதான் குவிந்திருந்தது. பின்னர் துர்காபூர், ரூர்கேலா, பிலாய், பொகாரோ ஆலைகளும் அந்தக் கனிம மண்டலத்திலேயே எழுந்தன. உருக்காலைகள் அங்கே இருக்க, உருக்கைக் கொண்டு இயந்திரமும் வாகனமும் கருவியும் செய்யும் தொழில்கள் மட்டும் ஏன் அங்கே தழைக்கவில்லை என்பதுதான் விளக்கப்பட வேண்டியது.

அதற்கான விடையின் முக்கியமான ஒரு பகுதி, சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை என்ற ஒரு விலை விதியில் இருக்கிறது. 1950களின் நடுவில் நடைமுறைக்கு வந்து, 1990களின் தொடக்கம்வரை, ஏறத்தாழ 35 ஆண்டுகள் நீடித்த அந்த விதியின்படி, நாட்டின் எந்த ரயில் நிலையத்தில் இறக்கினாலும் ஒரு டன் உருக்கின் விலை ஒன்றே. ஆலையிலிருந்து வாங்குபவரின் ஊர்வரை உண்மையில் ஆகும் போக்குவரத்துச் செலவு விலையில் சேராது. அதற்குப் பதிலாக நாடு முழுமைக்குமான சராசரிச் செலவு எல்லார் விலையிலும் ஒரே அளவில் சேர்க்கப்பட்டு ஒரு பொது நிதியில் திரட்டப்படும். ஜாம்ஷெட்பூர் ஆலையின் வாயிலருகே பட்டறை நடத்தியவர் தனக்கு ஆகாத செலவையும் விலையாகக் கொடுத்தார். 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையிலோ பம்பாயிலோ இருந்தவர் தனக்கு ஆகிய செலவைவிடக் குறைவாகக் கொடுத்தார். முன்னவரிடமிருந்து கூடுதலாகப் பெற்ற பணத்தால்தான் பின்னவரின் குறைவு ஈடுகட்டப்பட்டது. சுருங்கச் சொன்னால், தாதுவுக்கு அருகில் இருப்பதால் கிழக்குக்குக் கிடைத்திருக்க வேண்டிய இயல்பான அனுகூலம் ஓர் அரசாணையால் எடுக்கப்பட்டு, தொலைவில் இருந்தவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. சிமென்ட்டுக்கும் இத்தகைய ஏற்பாடு 1989வரை இருந்தது.

இதைச் செய்தவர்கள் கிழக்கின் மீது பகை கொண்டவர்கள் அல்லர். 1956ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம், வட்டாரங்களுக்கிடையே வளர்ச்சியில் உள்ள ஏற்றத்தாழ்வுகள் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டும் என்பதை வெளிப்படையாகவே குறிக்கோளாக வைத்தது. தாது கிடைக்காத பகுதிகளும் தொழில்மயமாக வேண்டும் என்ற எண்ணம் நேர்மையானது. பிழை, அந்தச் சமன்பாடு ஒருபக்கமாக மட்டும் நின்றதில் இருக்கிறது. உருக்கின் தொலைவு அழிக்கப்பட்டது. பருத்தியின் தொலைவு அழிக்கப்படவில்லை. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைந்த பருத்தியை அதே விலைக்குப் பெற்று பீகாரில் ஒருவர் நூற்பாலை தொடங்க வழியில்லை. மேற்கின் துறைமுகங்களில் இறங்கிய மூலப்பொருள்களுக்கும் அப்படி ஒரு சலுகை கிழக்குக்குக் கிடைக்கவில்லை. கிழக்கு தன் கையில் இருந்த ஒரே சீட்டையும் கொடுத்துவிட்டு, மாற்றாக எதையும் பெறாமல் ஆட்டத்தில் நிறுத்தப்பட்டது. சந்தையும் வங்கியும் துறைமுகமும் ஏற்கெனவே இருக்கும் பம்பாயிலேயே உருக்கும் அதே விலைக்குக் கிடைக்கும்போது, ஒரு முதலீட்டாளர் தன்பாதுக்கோ ராஞ்சிக்கோ போவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்? இக்கொள்கையைத் தரவுகளோடு ஆராய்ந்த பொருளியலாளர்கள், கிழக்கின் தொழில் சரிவுக்கு அது பங்களித்தது என்றும், அந்த விளைவு ஒரே நாளில் தோன்றாமல் புதிய ஆலைகள் கட்டப்படும் வேகத்தில் மெல்லப் படர்ந்தது என்றும் கண்டிருக்கிறார்கள். அந்த மெதுவான வேகமே இந்த அநீதி அரசியல் பேச்சாக மாறாமல் போனதற்கும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூடப்படும் ஆலைக்காக மக்கள் தெருவில் இறங்குவார்கள். கட்டப்படாமலே போன ஆலைக்காக யார் இறங்குவது?

இந்த இடத்தில் நம் சொந்த அரசியல் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்ற முழக்கம் தமிழ்நாட்டை உலுக்கிய அதே ஆண்டுகளில்தான் இந்த விலை விதி நடைமுறையில் இருந்தது. சேலத்துக்கு உருக்காலை வேண்டும் என்று 1967இல் அண்ணா தலைமையிலான அரசு எழுச்சி நாள் கடைப்பிடித்தது. கஞ்சமலையில் தாது இருந்தும் ஆலை மறுக்கப்படுகிறது என்ற அன்றைய குறை நியாயமானதே. 1970இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆலையில் உற்பத்தி தொடங்க 1981 ஆயிற்று. கண்ணுக்குத் தெரியும் ஆலை நமக்குத் தாமதமாக வந்தது உண்மை. கண்ணுக்குத் தெரியாத விலைச் சலுகை அந்தக் காலம் முழுவதும் நம் பக்கம் பாய்ந்துகொண்டிருந்ததும் உண்மை. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளும் கோவையின் பொறியியல் பட்டறைகளும் வளர்ந்த ஆண்டுகளில், அவை வாங்கிய உருக்கின் விலையில் கிழக்கு வாங்குநர்கள் செலுத்திய பங்கும் கலந்திருந்தது. முதல் உண்மையை நாம் மூன்று தலைமுறையாக நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவதையும் சேர்த்து நினைவில் வைப்பது நம் குறையின் நியாயத்தைக் குறைத்துவிடாது.

ஆனாலும் தமிழ்நாட்டின் முன்னேற்றம் அந்தச் சலுகையால் வந்தது என்று சொன்னால் அது பெரும்பொய். அதே சலுகை உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களுக்கும் ராஜஸ்தானுக்கும் கிடைத்தது; அவை நம்மைப்போல் உயரவில்லை. காமராசர் காலத்தில் ஊர்தோறும் திறக்கப்பட்ட பள்ளிகளும் வயல்வரை சென்ற மின்கம்பிகளும், பின்னர் விரிவடைந்த சத்துணவும் ஆரம்பச் சுகாதார நிலையங்களும், அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனங்களாக 1965இல் டிட்கோவும் 1971இல் சிப்காட்டும் உருவானதும் இல்லாதிருந்தால், மலிவான உருக்கைப் பயன்படுத்தத் தெரிந்த தொழிலாளியும் தொழில்முனைவோரும் இங்கே இருந்திருக்க மாட்டார்கள். கிழக்கின் பக்கத்திலும் வேறு காரணங்கள் உண்டு. 1793இன் நிரந்தர நிலவரித் திட்டம் வங்கத்திலும் பீகாரிலும் நிலத்தை ஜமீன்தார்களிடம் குவித்து, உழுபவர் கையில் முதலீட்டுக்கு எதுவும் மிஞ்சாமல் செய்தது. 1960களின் இறுதியிலிருந்து மேற்கு வங்கத்தில் தொடர்ந்த தொழில் அமைதியின்மை முதலீட்டை விரட்டியது. பீகாரில் பள்ளிக்கும் சாலைக்கும் மின்சாரத்துக்கும் செலவிடாத ஆட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிடும் விளக்கங்களை நான் நம்புவதில்லை. எனினும், மற்றக் காரணங்களெல்லாம் அந்தந்த மாநிலத்தின் தவறு என்றோ பழைய ஆட்சியின் எச்சம் என்றோ பேசப்படும்போது, விடுதலை பெற்ற நாட்டின் பொது அரசே போட்ட ஒரு விதி மட்டும் பேச்சிலிருந்து விடுபட்டுப்போவது சரியல்ல.

உருக்கின் கட்டணச் சமன்பாடு நீங்கிய பின்னும் இதே போன்ற மௌனமான ஏற்பாடுகள் தொடர்ந்தன. நிலக்கரி, இரும்புத்தாது போன்ற பெருங்கனிமங்களைத் தோண்டுவோர் மாநிலத்துக்குச் செலுத்தும் உரிமைத்தொகையை (ராயல்டி) நிர்ணயிக்கும் அதிகாரம் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றிய அரசிடமே இருக்கிறது. இரும்புத்தாதுக்கு 2009வரை டன்னுக்கு இத்தனை ரூபாய் என்ற முறையே நீடித்ததால், உலகச் சந்தையில் தாதுவின் விலை பல மடங்கு ஏறிய ஆண்டுகளில்கூட ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் கிடைத்தது மிகச் சொற்பம். லாபம் சுரங்க நிறுவனங்களுக்குப் போயிற்று. அதற்கு மேல் வரி விதிக்க மாநிலங்கள் முயன்றபோது உச்ச நீதிமன்றம் தடுத்தது. இதில் முக்கியமான ஒரு வழக்கு தமிழ்நாட்டுடையது என்பது பலருக்குத் தெரியாது: உரிமைத்தொகையும் ஒரு வரியே, எனவே அதன்மீது மாநிலம் தீர்வை விதிக்க இயலாது என்று இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில் 1989இல் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் முக்கிய வாக்கியத்தில் எழுத்துப்பிழை நேர்ந்திருக்கலாம் என்று 2004இல் மற்றோர் அமர்வு சுட்டிக்காட்டியும், குழப்பம் தீர 2024 ஜூலை 25வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், உரிமைத்தொகை வரியன்று என்றும் கனிம உரிமைகள்மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் தீர்த்தது. அந்த 35 ஆண்டுகளில் மண்ணிலிருந்து போன தாது திரும்ப வராது.

வங்கிகளின் வழியாகவும் செல்வம் வெளியேறுகிறது. பீகார் மக்கள் வங்கியில் போடும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் அம்மாநிலத்தில் கடனாகத் தரப்பட்டது பல ஆண்டுகள் ஐம்பதுக்கும் கீழே இருந்தது. தமிழ்நாட்டில் அது நூறைத் தாண்டுகிறது. வெளியூர்களில் உழைத்து அனுப்பிய பணம் கிராமத்து வங்கிக் கிளையில் சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் தொழில் செழித்த மாநிலங்களுக்கே கடனாகப் புறப்படுகிறது. கடன் கேட்கத் தொழில் இல்லை, தொழில் தொடங்கக் கடன் இல்லை என்ற இந்தச் சுழலை எந்த மாநில அரசும் தனியாக உடைக்க முடியாது.

இத்தனையும் மனத்தில் கொண்டுதான், ஒன்றிய வரி வருவாயை மாநிலங்களுக்குப் பகிரும் விகிதத்தைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு பற்றிய நம் வாதத்தை நான் பார்க்கிறேன். 2021-26 காலத்துக்கான பதினைந்தாவது நிதிக்குழுவின் பகிர்வில் பீகாருக்கு 10.058 விழுக்காடும் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதனாலேயே இழப்படையக் கூடாது என்ற நம் கோரிக்கை சரி. மாநிலங்களுடன் பகிரத் தேவையில்லாத மேல்வரிகளையும் கூடுதல் கட்டணங்களையும் ஒன்றிய அரசு பெருக்கிக்கொள்வதை எதிர்ப்பதும் சரி. ஆனால் "நம் வரியை அவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்" என்று அந்த வாதம் திரும்பும் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பல பத்தாண்டுகள் விலையின் வழியாக எதிர்த்திசையில் ஓடிய செல்வம் எந்த நிதிக்குழுவின் கணக்கிலும் ஏறவில்லை. மேலும், ஆண்டுதோறும் பகிர்வுத்தொகை அனுப்புவது மட்டும் ஒரு வட்டாரத்தை எழுப்பிவிடாது. தோண்டப்படும் பொருளின் மதிப்பு தோண்டப்படும் இடத்திலேயே ஓரளவு தங்கும்படி விதிகள் மாறினால்தான் அங்கே தொழில் முளைக்கும், அங்குள்ள இளைஞருக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ரயில் பயணம் கட்டாயமாக இல்லாமல் விருப்பமாக இருக்கும்.

2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதற்கான ஒரு கதவைத் திறந்திருக்கிறது. 2005 ஏப்ரல் 1 முதலான நிலுவையை, 2026 ஏப்ரலில் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளில் தவணையாக மாநிலங்கள் பெறலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. ஜார்க்கண்ட் கனிம நிலங்கள்மீது தீர்வை விதிக்கும் சட்டத்தை உடனே இயற்றியது. தமிழ்நாடும் கனிமவள நில வரிச் சட்டத்தை இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. இந்தப் பணம் மாநிலத் தலைநகரின் பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. நிலத்தடி நெருப்பு நூறாண்டுக்கும் மேலாக எரிந்துகொண்டிருக்கும் ஜாரியாவிலும், தாது லாரிகளின் செந்தூசி படிந்த மேற்கு சிங்பூமின் ஆதிவாசிக் கிராமங்களிலும், குடிநீரும் பள்ளியும் மருத்துவமனையும் இன்றும் முதல் தேவைகளாகவே இருக்கின்றன. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காக 2015இல் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டன; பழைய குத்தகைகளிலிருந்து உரிமைத்தொகையில் 30 விழுக்காடும் ஏலத்தில் விடப்பட்டவற்றிலிருந்து 10 விழுக்காடும் அவற்றுக்கு வந்து சேர்கின்றன. புதிய தீர்வையிலும் ஒரு நிலையான பங்கு அவ்வாறே சட்டத்தில் எழுதப்பட்டு, அதைச் செலவிடும் முடிவில் அந்தந்தக் கிராம சபைக்கு வாக்கு இருக்க வேண்டும். அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைச் சுற்றியுள்ள ஊர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசிடமும் நான் கேட்பது இதையேதான்.