அட்டையில் இருக்கிறது, ரத்தத்தில் இல்லை

2024 ஜனவரி 9
இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக மகளுக்கு நெஞ்சுச் சளி. ரத்தப் புற்றுக்கு மெயின்டெனன்ஸ் கீமோ, அதாவது நோய் திரும்பாமலிருக்க நீண்டநாள் கொடுக்கும் மருந்து, ஓடுகிறது. தினமும் இரவு மெர்காப்டோபியூரின், வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட். வெள்ளணு எண்ணிக்கை பரவாயில்லை என்கிறார்கள். பிறகு ஏன் சளி விடமாட்டேன் என்கிறது? டாக்டர் ஐஜிஜி, அதாவது ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியின் அளவு, பார்க்கச் சொன்னார்.

ஜனவரி 11
340. அவள் வயதுக்கு 500-க்கு மேலாவது இருக்க வேண்டுமாம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: ஆன்டிபாடி சுரப்பது வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல் வம்சம், இவளுக்குப் புற்று பிடித்ததும் அதே வம்சத்தில்தான். கீமோ நல்ல செல்லையும் சேர்த்தே அழிக்கிறது. ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஐஜிஜியும் மூன்று வாரத்துக்கொரு தரம் பாதியாகிக்கொண்டே போகும். எண்ணிக்கை சரியாக இருந்தும் குழந்தை ஏன் படுத்துக்கொள்கிறாள் என்பது இன்றுதான் புரிந்தது.

ஜனவரி 13
குறைந்த ஆன்டிபாடியை ஈடுசெய்ய இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி) ஏற்றினார்கள். நர்ஸ் பாட்டிலைக் குலுக்கவே இல்லை, நுரைத்துவிடுமாம்; மெதுவாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு மாட்டினார். முதல் அரைமணி நேரம் சொட்டு விழுகிறதா என்றே தெரியாத வேகம். ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்துத்தான் இதைத் தயாரிக்கிறார்கள் என்றேன். “அத்தனை பேரும் இதுக்குள்ளயாம்மா?” என்று கண்ணாடியில் விரல் வைத்துப் பார்த்தாள்.

மார்ச் 20
வகுப்பில் ஒரு பையனுக்குச் சின்னம்மை. செய்தி வந்த அடுத்த நிமிடமே மருத்துவமனைக்குப் போன் செய்தேன். காத்திருக்கக்கூடாத விஷயம் இது.

மே 17
கடைசி இம்யூனோகுளோபுலின் பாட்டில். இனி வேண்டாம் என்றார்கள்.

நவம்பர் 8
கீமோ முடிந்தது. மாத்திரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

2025 மே 26
ஐஜிஜி 720! ஆனால் தட்டம்மைக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் ஆன்டிபாடி இல்லை. டெட்டனஸுக்குக் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. தட்டம்மை ஊசி இரண்டு தவணையும் போட்டதற்குத் தடுப்பூசி அட்டையில் முத்திரை இருக்கிறது. பழைய ஊசிகளின் நினைவைக் காத்து ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்கள் எலும்பு மஜ்ஜையில்தான் குடியிருக்கின்றன, கீமோ இறங்கியதும் அங்கேதான். கடைசிப் பாட்டில் ஏற்றி ஓராண்டு கழித்துச் சோதித்ததற்கும் காரணம் உண்டு: முன்னதாகப் பார்த்திருந்தால் அந்த ஆயிரம் பேரின் ஆன்டிபாடிதான் தெரிந்திருக்கும்.

“போட்ட ஊசிதானே, மறுபடி எதற்கு?” என்று வீட்டில் கேட்கிறார்கள். சிகிச்சை முடித்த பிள்ளைகளின் பெற்றோரே, பழைய ஊசிகளை மறுபடி போட வேண்டுமா என்று தயவுசெய்து டாக்டரிடம் விட்டுவிடாமல் கேளுங்கள்.

ஜூன் 2
தட்டம்மை ஊசி இடது கையில், ஹெபடைடிஸ் பி வலது கையில். தட்டம்மை ஊசி, பலவீனமாக்கிய வைரஸ் கொண்ட உயிருள்ள தடுப்பூசி என்பதால் கீமோ முடிந்து ஆறு மாதம் காத்திருந்தோம். பழைய அட்டையில் இடமில்லை. நர்ஸ் பின்பக்கம் கோடு போட்டு எழுதிக்கொடுத்தார். நாலு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.