அப்பாவின் மூலிகைக் குறிப்புகள்: பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு

அப்பா 2002-இல் தன் மூலிகைக் குறிப்புகளையெல்லாம் விண்டோஸ் 98 கணினியில் தட்டச்சு செய்து ஒரு சிடியில் பதிந்து வைத்திருந்தார். 140 பக்கம், பாமினி எழுத்துரு. தங்கை தன் போனில் வைத்துக்கொள்ளக் கேட்டாள். என் மடிக்கணினியில் சிடி போட வழியில்லை. யூஎஸ்பியில் செருகும் டிரைவை நண்பரிடம் இரவல் வாங்கிக் கோப்பை எடுத்தேன். பத்து நிமிட வேலை.

அனுப்பியதும் தங்கையிடமிருந்து அழைப்பு: “என்ன அண்ணா, ஒரே இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா இருக்கு?”

பாமினியில் ‘அம்மா’ என்று எழுதினால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். எம் இருக்க வேண்டிய இடத்தில் அகரத்தின் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துரு நிறுவிய கணினியில் மட்டும் அது தமிழ். எந்தக் கணினியிலும் போனிலும் தமிழைத் தமிழாகவே காட்ட உதவும் பொதுக் குறியீடுதான் ஒருங்குறி (யூனிகோடு). 1991-லேயே அதில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆனால் விண்டோஸ் 98-இல் அப்படித் தமிழ் எழுத உள்ளமைந்த வசதி இல்லாததால் அப்பாவுக்குக் கிடைத்தது பாமினிதான்.

சரி, மாற்றிவிடலாம் என்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றி (கன்வெர்ட்டர்) ஒன்றில் முழுக் கோப்பையும் ஒட்டினேன். தமிழ் அழகாக வந்தது. ஆனால் ஒவ்வொரு மூலிகைக்கும் அப்பா பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் தாவரவியல் பெயரும் எழுதியிருந்தார். மாற்றி அதையும் பாமினி என்றே எடுத்துக்கொண்டது. ‘ஆஃப்’ (ஓ, எஃப்) என்ற ஆங்கிலச் சொல் ‘ழக’ ஆகிவிட்டது. எனக்குப் பகீரென்றது. நல்லவேளை, மூலக் கோப்பைத் தொடாமல் நகலில்தான் செய்தேன்.

வேர்டில் சொல் எதுவும் கொடுக்காமல் எழுத்துருவை மட்டும் கொடுத்தும் தேடலாம். அப்படி டைம்ஸ் நியூ ரோமனில் இருந்த ஆங்கிலப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வேறு கோப்பில் சேர்த்தேன். அவை இருந்த இடத்தில் 9001, 9002 என்று எண் போட்டேன். பாமினியில் இலக்கங்கள் இலக்கங்களாகவே இருப்பதால் மாற்றி அவற்றைக் கெடுக்கவில்லை. மாற்றி முடித்ததும் எண்ணுக்குப் பெயரைத் திரும்ப வைத்தேன். இரண்டு ராத்திரி போனது.

அப்புறம் ஔகாரம். ‘ஔடதம்’ என்று தேடினால் ஒன்றுகூட வரவில்லை, கண்ணெதிரே அத்தனை இடத்தில் இருக்கிறது! பாமினியில் ஒகரமும் ளகரமும் சேர்த்துத்தான் ஔ அடிக்க வேண்டும். மாற்றி அதை இரண்டு எழுத்தாகவே கொண்டுவந்திருந்தது. ஒரே அடியாக மாற்றினால் ‘ஒளி’ கெட்டுவிடும். ஒவ்வொன்றாய்ப் பார்த்துத்தான் திருத்தினேன்.

அளவுகளை மட்டும் கணினியை நம்பி விட மனம் வரவில்லை. மருந்தில் அளவு பிசகக் கூடாது. அப்பா அந்தக் காலத்தில் எடுத்த அச்சுப் பிரதியை அம்மா வாசிக்க, நான் திரையில் ஒப்பிட்டேன். நான்கு மாலை. சில இடங்களில் அம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டு, “இதை உனக்குக் கொடுத்திருக்காரு, ஆறு வயசுல” என்பார்.

நேற்று தங்கை போனில் ‘ஆடாதோடை’ என்று தேடி, வந்த பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். தாவரவியல் பெயரும் அப்படியே இருந்தது. சிடியையும் அந்தப் பழைய கோப்பையும் பாமினி எழுத்துருவோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.