14 டேட்டாபேஸுக்கு ஒரு டூல் எழுதப்போய்

எங்களிடம் 14 மைக்ரோசர்வீஸ் (தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன புரோகிராம்கள்), ஒவ்வொன்றுக்கும் தனி போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஒரு டீம் ஃப்ளைவே என்ற டூலை வைத்து மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் வேலை) ஓட்டும், இன்னொரு டீம் கையாலேயே எஸ்கியூஎல் அடிக்கும், சோதனைக்கான ஸ்டேஜிங்கில் இருக்கும் காலம் (column, டேபிளின் நெடுவரிசை), நிஜ பயனர்கள் வரும் ப்ரொடக்‌ஷனில் இருக்காது. சரி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கமாண்ட் லைன் டூல் எழுதலாமே என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் வெர்ஷனில் எனக்குப் பெருமையே 'எல்லாவற்றையும் ஓட்டு' கமாண்ட்தான். ஸ்டேஜிங்கில் அருமையாக ஓடியது. ப்ரொடக்‌ஷனில் ஒரு டேபிளில் ஒரேயொரு காலம் சேர்க்கப்போய் சர்வீஸ் படுத்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் 11 முதல், நிலையான டிஃபால்ட் மதிப்போடு காலம் சேர்த்தால் டேபிள் முழுவதையும் திருப்பி எழுதுவதில்லை, அதனால் கண் இமைக்கும் நேர வேலைதானே என்று அசட்டையாக இருந்துவிட்டேன். வேலை சின்னதுதான், ஆனால் அதற்கு ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் லாக் (வேறு யாரும் டேபிளைப் படிக்கக்கூட முடியாத முழுப் பூட்டு) வேண்டும். யாரோ ஒரு நீளமான ரிப்போர்ட் க்வெரியை ஓடவிட்டிருந்தார்கள். அது முடியட்டும் என்று காலம் சேர்க்கும் நம் ஆல்டர் கமாண்ட் காத்து நிற்க, அதற்கப்புறம் வந்த டேட்டாவைப் படிக்க மட்டும் வரும் சாதாரண செலக்ட்கள்கூட ஆல்டருக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றுவிட்டன. அன்றைக்கே லாக் டைம்அவுட் 3 நொடி என்று டூலுக்குள் வைத்தேன்: லாக் கிடைக்காவிட்டால் விலகிக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும்.

தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் தனித் தொல்லை. டேபிளில் எழுதுவதைத் தடுக்காமலிருக்க கன்கரன்ட்லி போட்டு இண்டெக்ஸ் உருவாக்குவதை, 'முடிந்தால் முழுதும், இல்லையேல் எதுவுமில்லை' என்ற டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது, என் டூலோ எல்லா ஃபைலையும் டிரான்சாக்‌ஷனுக்குள்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. அதற்கு விலக்கு கொடுத்தேன். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அப்படியே கிடக்கும், க்வெரிக்கும் உதவாது என்பதால் அதைத் தேடிக் காட்டவும் ஒரு கமாண்ட்.

மண்டையைக் காயவைத்தது வேறு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டிவிடக் கூடாதென்று செஷன் அளவில், அதாவது எடுத்த கனெக்‌ஷனோடு ஒட்டிய, அட்வைசரி லாக் (புரோகிராம்கள் தங்களுக்குள் மதிக்கும் பூட்டு) போட்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு பேரும் ஜோராக ஓட்டினார்கள். நடுவில் டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர், அதுவும் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் வேறு கனெக்‌ஷன் கொடுக்கக்கூடிய டிரான்சாக்‌ஷன் மோடில். லாக் எடுத்த கனெக்‌ஷன் ஒன்று, மைக்ரேஷன் ஓடிய கனெக்‌ஷன் வேறொன்று! இப்போது டூல் நேராக டேட்டாபேஸின் 5432 போர்ட்டுக்கே போகிறது.

எல்லோரும் அதிகம் அடிப்பது ஸ்டேட்டஸ் கமாண்டைத்தான், எந்த டேட்டாபேஸ் எந்த வெர்ஷனில் நிற்கிறது என்று பார்க்க. நான் அரை நாளில் எழுதியது அது. என் பெருமைக்குரிய கமாண்ட் பெயரளவில் இருக்கிறது. அடித்தால், எந்த சர்வீஸுக்கு என்று திருப்பிக் கேட்கும்.