ஊசியை நோண்டாதே: ஒரு 20 சிசி எஞ்சினின் நாட்குறிப்பு

ஜனவரி 3, 2026, சனி

வியாசர்பாடி எஸ்டேட்டில் நண்பரின் லேத் பட்டறைக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் ஷட்டரை இறக்கிவிட்டால், திங்கள் காலைவரை எவ்வளவு சத்தம் போட்டாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. மாடல் விமானத்தின் எஞ்சினை ஓட்டிப் பார்க்கிற இந்த வேலை தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில் ஆகாது. கீழ்வீட்டு அக்கா போன தடவையே, "மாடி மேல மிக்ஸி ஓட்றியாப்பா?" என்று கேட்டுவிட்டார்.

எஞ்சின் பழசு. ஊரை விட்டுப் போன ஒருவரிடம் வாங்கிய 20 சிசி டூ ஸ்ட்ரோக், ரெண்டு மழைக்காலம் டப்பாவிலேயே கிடந்தது. கார்ப்பரேட்டர் வால்ப்ரோ வகை. செயின்சா, புல்வெட்டும் மெஷின் எல்லாவற்றிலும் இதே ஜாதிதான். பைக் கார்ப்பரேட்டர் மாதிரி இதில் மிதவை கிடையாது. விமானம் தலைகீழாகப் போகும்போது மிதவையால் என்ன பிரயோஜனம்? அந்த வேலையை ரெண்டு டயாபிரம், அதாவது மெல்லிய சவ்வுகள், செய்கின்றன. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே உள்ள அறையில் (கிராங்க் கேஸ்) உண்டாகும் துடிப்பு ஒரு சின்னத் துளை வழியாக வந்து முதல் டயாபிரத்தை ஆட்டும். டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப் அதுதான். ரெண்டாவது எதிர்ப்பக்கம் இருக்கிறது. அதன் ஒரு முகத்தில் பெட்ரோல், மறுமுகத்தில் வெறும் காற்று. எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச அது உள்ளே குழிந்து ஒரு லீவரை அழுத்தி, தேவையான அளவுக்குப் பெட்ரோலைத் திறந்துவிடும்.

பெட்ரோல் அளவைத் திருகி வைக்கிற ஊசியும் ரெண்டு. எஞ்சினை ஒட்டி இருப்பது எல், அது ஸ்லோவுக்கும் நடு த்ராட்டிலுக்கும். சோக் பக்கம் இருப்பது ஹெச், அது முழு ரேஸுக்கு. வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும். ரெண்டையும் மெதுவாக மூடிவிட்டு (அழுத்தி மூடினால் ஊசி முனை போச்சு) ஒன்றரைச் சுற்று திறந்து வைத்தேன். கலவை 30-க்கு 1, அதாவது லிட்டருக்கு 33 மில்லி 2டி ஆயில். சோக்கை மூடி புரொப்பெல்லரைத் தட்டிக்கொண்டே இருந்தால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் சோக்கைத் திறந்துவிட்டுத் தட்டினேன். பிடித்துக்கொண்டது.

ஜனவரி 4, ஞாயிறு

இன்று ட்யூனிங் மட்டும். ஸ்டாண்டை இரும்பு மேஜையோடு போல்ட் போட்டு முறுக்கியாயிற்று. 16 அங்குல புரொப்பெல்லர். ஸ்க்ரூடிரைவரோடு போகிற கை எப்போதும் பின்னாலிருந்துதான் போக வேண்டும், முன்பக்கமோ பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. இதில் நண்பரோடு எனக்குச் சமரசமே கிடையாது.

முதலில் எல். எஞ்சின் சூடானதும் ஸ்லோவில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வெடுக்கென்று ரேஸ் கொடுக்க வேண்டும். பொசுக்கென்று அணைந்தால் பெட்ரோல் பத்தவில்லை. குபுகுபு என்று திணறிவிட்டு அப்புறம் ஏறினால் பெட்ரோல் ஜாஸ்தி. எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்க வேண்டும். ஊசியைத் திருப்பின அதே நொடியில் எஞ்சின் பதில் சொல்லாது.

அடுத்து ஹெச். முழு ரேஸில் ஒன்று விட்டு ஒன்று வெடிக்கிற கரகரப்பு இருந்தால் ரிச், அதாவது பெட்ரோல் ஜாஸ்தி. அது மறைந்து, சத்தம் ஒரே இழையாக ஆகி, ஆர்பிஎம் உச்சிக்குப் போகும். நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அது கூடாது. உச்சியிலிருந்து இருநூறு ஆர்பிஎம் குறைகிற அளவுக்கு ஊசியைத் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் மேலே போனதும் சூடேறிச் சுருதி இறங்கும். ஆயிலும் பெட்ரோலோடுதானே வருகிறது, லீன், அதாவது பெட்ரோல் குறைச்சல் என்றால் ஆயிலும் குறைச்சல் என்று அர்த்தம். ஹெச் முடிந்ததும் மறுபடி எல் ஊசியைப் பார்க்க வேண்டும். முழு ரேஸிலும் எல் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் போகத்தான் செய்யும்.

இறக்கை கடப்பதை வெளிச்சத்தை வைத்து எண்ணுகிற ஆர்பிஎம் மீட்டர் சரியா என்று பட்டறைக்குள் பார்த்துக்கொண்டேன். பழைய சோக் வைத்த டியூப்லைட்டுக்கு நேராகக் காட்டினால், ரெண்டு இறக்கை செட்டிங்கில் 3000 காட்ட வேண்டும். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும்; நிமிடத்துக்கு 6000, ரெண்டு இறக்கை என்றால் அதில் பாதி. மீட்டர் 3000-தான் காட்டியது.

ஜனவரி 10, சனி

ஊசி போன வாரம் வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஆனால் ஸ்லோவில் நிற்கவில்லை, முழு ரேஸில் பத்து எண்ணுவதற்குள் மூச்சு வாங்கி இறங்குகிறது. நண்பர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, காசிமேட்டில் ஃபைபர் படகு எஞ்சின் வேலை பார்க்கிற அண்ணன் ஏதோ புஷ் கடைய வந்திருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"போன வாரம் ஓடுச்சுன்ற. இன்னிக்கு ஓடல. ஸ்க்ரூ இன்னா தானா திரும்பிக்கிச்சா? ஊசிய நோண்டாத தம்பி. பெட்ரோல் வர்ற வழியப் பாரு."

பம்ப் மூடி ஒற்றை ஸ்க்ரூ. கழற்றினால் உள்ளே, பெட்ரோல் நுழைகிற இடத்தில் ஒரு குட்டிச் சல்லடை. அதில் பழுப்பாக ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் பசை மாதிரி வருகிறது. டயாபிரத்தை அண்ணன் எடுத்துக் காதருகில் வைத்து மடக்கினார். சரசரவென்று சத்தம் வந்தது. புதுசாக இருந்தால் சத்தமே வராது, தொளதொளவென்று தொங்கும். இதன் மடல்கள் ஓரத்தில் சுருண்டு, மூட வேண்டிய துளைகளை மூடாமல் நிற்கின்றன. பெட்ரோல் எங்கே ஏறும்?

ஜனவரி 12, திங்கள்

வேலை முடிந்து பிராட்வே. விவசாய மெஷின் விற்கிற கடையில் புல்வெட்டும் மெஷின் கார்ப்பரேட்டர் கிட் கிடைத்தது. பழைய டயாபிரத்தைக் கையோடு கொண்டுபோய்த் துளைக்குத் துளை வைத்துப் பார்த்து வாங்கினேன். "ஏரோபிளேனுக்கா?" என்று கடைக்காரர் கேட்டதில் பின்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜனவரி 14, போகி

காலையில் தெருமுனை தெரியவில்லை. ஜன்னலை அடைத்துக்கொண்டு வேறொரு சோதனை. அளவுக் குடுவையில் 50 மில்லி பங்க் பெட்ரோல், 5 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். தண்ணீர் அடியில் தங்கும்போது 5-ல் நிற்கவில்லை, 14-ஐத் தாண்டிவிட்டது. கூடுதலாக வந்ததெல்லாம் எத்தனால், பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்.

நம் வேலைக்கு இதில் ரெண்டு சங்கதி. வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். ஆகவே பழைய பெட்ரோலுக்கு வைத்த ஊசி இதற்கு லீனாக நிற்கும், கொஞ்சம் திறக்கத்தான் வேண்டும். இன்னொன்று, எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் கேன் மூடியைச் சரியாகத் திருகாமல் மாசக்கணக்கில் வைத்த கலவையை நம்பி விமானத்தை மேலே அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

கிட் போட்டாயிற்று. லீவர் இருக்கிற பக்கம் கேஸ்கெட்தான் (கசிவை அடைக்கும் தகடு) முதலில் கார்ப்பரேட்டர் உடம்போடு ஒட்டும், அதன்மேல் டயாபிரம். பம்ப் பக்கம் வரிசை வேறு. அதனால் பிரிக்கும்போதே மொபைலில் படம் எடுத்து வைத்திருந்தோம். எஞ்சினுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் துடிப்பு வருகிற துளை அடைபட்டுவிடும், அப்புறம் பம்ப் செத்த பம்ப். அண்ணன் தீக்குச்சியால் குத்திப் பார்த்த பிறகுதான் முறுக்கவிட்டார்.

நாலாம் தேதி வைத்த ஊசியிலேயே ஸ்டார்ட் ஆனது. ஹெச் மட்டும் எட்டில் ஒன்று திறந்தோம். உச்சி 7900, வைத்தது 7700. பிளக் பிஸ்கட் நிறம், எரிப்பு சரி.

ஜனவரி 25, ஞாயிறு

பொன்னேரிப் பக்கம், வயலை ஒட்டிய தரிசு. தரையில் மூக்கைத் தூக்கிப் பிடித்து முழு ரேஸ் கொடுத்துப் பார்த்தோம், குறையில்லை. மேலே போய் வேகம் எடுத்ததும் எஞ்சின் அழுகிறது. வேகத்தைக் குறைத்தால் தெளிகிறது. இறக்கி, எஞ்சினை மூடியிருக்கிற உறையை (கௌலிங்) கழற்றிவிட்டு மறுபடி அனுப்பினால் ஒரு கோளாறும் இல்லை. ஊசியை யாரும் தொடவில்லை.

ரெண்டாவது டயாபிரத்தின் காற்று முகம் மூடியில் இருக்கிற ஒரு ஊசித் துளை வழியாகத்தான் வெளியைப் பார்க்கிறது. கௌலிங்குக்குள் காற்றழுத்தம் வேகத்துக்கு வேகம் மாறும், டயாபிரமும் அதற்குத் தகுந்தபடி ஏமாறும். இதை ஊசியால் சரிக்கட்டவே முடியாது. தரைக்குச் சரி செய்தால் மேலே கெடும், மேலே சரி செய்தால் தரையில் கெடும்.

ஜனவரி 26, திங்கள்

லீவு. மூடியைத் தனியாகக் கழற்றி, பெட்ரோல் வாடை போகத் துடைத்து, துளையின்மேல் அரை அங்குல நீளப் பித்தளைக் குழாயைப் பற்றவைத்தார் நண்பர். அதில் ஒரு சிலிக்கான் டியூபை மாட்டி, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்பில் (ஃபயர்வால்) துளை போட்டு உடல்கூட்டுக்குள் விட்டாயிற்று. உள்ளே காற்று அசையாது. பெட்ரோல் லைனுக்குச் சிலிக்கான் ஆகாது, ஊறி உப்பிவிடும். இதில் வெறும் காற்றுதானே, மெத்தனால் எஞ்சினுக்கு வாங்கி மிஞ்சிய துண்டு இப்படியாவது பயன்பட்டதே.

பிப்ரவரி 1, ஞாயிறு

கௌலிங்கோடு நல்ல ஓட்டம். டைவ் அடித்தாலும் சுருதி மாறவில்லை. வெயில் ஏறின பிறகு முழு ரேஸில் லேசாகக் கரகரத்தது. சூட்டில் காற்று லேசாகிவிடும், பெட்ரோல் மட்டும் அதே அளவு வருகிறது. இதற்கு ஊசியைத் தொடலாம் என்று அண்ணனே உத்தரவு கொடுத்தார். ஹெச் ஒரு இழை டைட்.

இப்போது தகராறு வேறு விஷயத்தில். மூட்டை கட்டும்போது டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்ப்பரேட்டரைக் காய வைக்க வேண்டும் என்பது என் கட்சி. காய வைத்தால் டயாபிரம் விறைத்துப் போகும், கொஞ்சம் பெட்ரோல் உள்ளேயே இருக்கட்டும் என்பது அண்ணன் கட்சி. வாராவாரம் ஓட்டுகிறவருக்கு அவர் சொல்வது சரி. எனக்கு அடுத்த மூணு வாரம் நைட் ஷிஃப்ட். காலி செய்துவிட்டேன்.