நூலகத்துக்காக ஒலிநூல் செய்தபோது

பார்வையற்ற வாசகர்களுக்காக எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒலிநூல்களைச் சேர்க்கும் பணியில், இணையத்தில் கிடைக்கும் உரை-ஒலி மாற்றிகளைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். உரையை ஒட்டினால் சில நொடிகளில் ஒலிக்கோப்பு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் உழைப்பின் பெரும்பகுதி அதற்கு முன்பே செய்ய வேண்டியது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றாமல் கொடுத்தால், கருவி அதை ஆங்கில எழுத்துகளாகவே எடுத்துக்கொள்ளும்.

தமிழில் ஒரே பகரம் பல ஒலிகளுக்கு நிற்பதால், 'பாவம்' என்னும் சொல் இரக்கத்தைக் குறிக்கிறதா, முகபாவத்தைக் குறிக்கிறதா என்பதை இடமறிந்து ஒலிக்கக் கருவி தடுமாறுகிறது. நாட்டியக் கட்டுரை ஒன்றில் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் பிழையாகவே ஒலித்தது. ஒவ்வொன்றையும் கேட்டுத் திருத்த ஒரு மாலைப்பொழுது போயிற்று. 'கி.மு.' என்பதில் உள்ள புள்ளிகளை வாக்கிய முடிவாகக் கருதி நின்றுவிடுவதால், 'கிறித்துவுக்கு முன்' என்று விரித்தே எழுதிவிடுகிறேன்.

உரிமை குறித்துப் பலர் தயங்குகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை இலாப நோக்கின்றி உருவாக்க, 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது. பொது வாசகர் அனைவருக்கும் வழங்குவதென்றால், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இப்போது ஒவ்வோர் இயலையும் தனிக் கோப்பாக்கி, தொடக்கத்தில் இயலின் பெயரை ஒலிக்கச் செய்கிறேன். விட்ட இடத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்று ஒரு வாசகர் சொன்ன பிறகு செய்த மாற்றம் இது.