உப்புத்தண்ணீரும் பத்து நாள் மருந்தும்

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் தட்டைத் தள்ளி வைத்தாள். "முழுங்க முடியலம்மா." எட்டு வயது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை தொண்டை வலியோடு இருந்தது.

கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தி, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். தொண்டையின் இரண்டு பக்கமும் டான்சில் கோவைப்பழம் மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. இதை எங்கள் ஊரில் இன்னும் "உள்நாக்கு இறங்கிட்டு" என்றுதான் சொல்வார்கள். உள்நாக்கு நடுவில் தொங்குவது. டான்சில் அதற்கு இருபுறமும் இருக்கிற சதை. இரண்டும் வேறு. அந்தக் குழப்பத்தால்தான் விரலில் உப்பைத் தொட்டுக்கொண்டு உள்நாக்கைத் தூக்கிவிடுகிற வழக்கம் வந்தது என்று நினைக்கிறேன். என் ஆச்சி அதில் கைதேர்ந்தவர். எனக்கும் அக்காவுக்கும் பல முறை செய்திருக்கிறார். வாந்தியும் கண்ணீரும் வந்தது தவிர வேறு பலன் இருந்ததாக நினைவில்லை. கழுத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டு எனக்குத் தோல் பொரிந்ததும் உண்டு. இந்த இரண்டையும் என் பிள்ளைக்கு நான் செய்யமாட்டேன்.

ஆனால் ஆச்சி தந்த மற்றவை எல்லாம் இன்றும் என் அடுப்படியில் இருக்கின்றன. முதலில் உப்புத்தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. தலையை அண்ணாந்து, தொண்டையில் கரகரவென்று சத்தம் வரக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். உப்பு வீங்கிய சதையிலிருந்து கொஞ்சம் நீரை இழுக்கும். ஒட்டியிருக்கிற சளியும் கழன்று வரும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை செய்தால்தான் தெரியும், காலையில் ஒரு தடவை கொப்பளித்துவிட்டு "கேக்கலையே" என்று சொல்லக்கூடாது. கொப்பளிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள், அவர்களுக்கு வேண்டாம்.

அப்புறம் இரவில் பால். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, நுணுக்கிய மிளகு நாலு, பனங்கற்கண்டு. வெந்நீரில் இரண்டு துளசி இலை போட்டு, ஆறியதும் ஒரு ஸ்பூன் தேன். தேன் தொண்டையில் பூசினாற்போல் நின்று எரிச்சலைக் குறைக்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் ஆகவே ஆகாது. பெரியவர்கள் ஒரு துண்டு சித்தரத்தையையோ அதிமதுரத்தையோ கன்னத்தில் அடக்கிக்கொள்ளலாம். ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து எடுக்கக்கூடாது, அது அழுத்தத்தை ஏற்றிவிடும். என் மாமியாருக்கு அழுத்தம் இருக்கிறது. "இது மருந்தா, குச்சிதானே" என்று மென்றுகொண்டே இருப்பார். அவரிடமிருந்து டப்பாவை வாங்கி ஒளித்து வைத்தேன்.

முதல் நாள் இதையெல்லாம் செய்தேன். இரவில் அவளுக்கு இதமாகவும் இருந்தது, தூங்கினாள். மறுநாள் காலை காய்ச்சல் 102. தாடைக்குக் கீழே தொட்டால் நெறி கட்டியிருந்தது. டான்சில் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. சளியோ இருமலோ கொஞ்சமும் இல்லை. அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பயம் தந்தது. சளி, இருமலோடு வருகிற தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதுவாகவே வடிந்துவிடும், வீட்டு வைத்தியமே போதும். இருமல் இல்லாமல் காய்ச்சலும் நெறியும் வெள்ளைப் புள்ளியும் சேர்ந்து வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அத்தை "இன்னும் ரெண்டு நாள் கஷாயம் குடுத்துப் பாப்போம்" என்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டேன்.

அக்காதான் காரணம். அவளுக்குப் பத்து வயதில் இப்படித்தான் அடிக்கடி தொண்டை வலி வரும். கஷாயத்தில் அடங்கிவிடும், அதோடு விட்டுவிடுவோம். ஒரு முறை அப்படி அடங்கி மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. இரண்டு நாளில் அது வடிந்து கணுக்கால் வீங்கியது. வளர்கிற பிள்ளைக்கு வருகிற வலி என்று எண்ணெய் தேய்த்தோம். அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தன் மூட்டையும் இதயத்தையுமே தாக்குகிற நோய். மூட்டு சரியாகிவிட்டது. இதய வால்வு சரியாகவில்லை. இப்போது அவளுக்கு 38 வயது. இன்றும் 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. அவள் கல்யாணப் பேச்சு, பிரசவம் எல்லாமே அந்த வால்வைக் கேட்டுத்தான் நடந்தன.

டாக்டர் பத்து நாளைக்கு அமாக்சிசிலின் என்ற, பாக்டீரியாவைக் கொல்லுகிற பாட்டில் மருந்து எழுதினார். காய்ச்சலுக்கு எடையைப் பார்த்து பாராசிட்டமால். உப்புத்தண்ணீரையும் பாலையும் நிறுத்த வேண்டாம் என்றார். ஐஸ்கிரீம் கேட்டால் கொஞ்சம் கொடுக்கலாம், குளிர்ச்சி வலியை மரக்க வைக்கும் என்றதும் அத்தைக்கு முகமே மாறிவிட்டது. ஐஸ்கிரீமால்தான் இதுவே வந்தது என்பது அவர் எண்ணம். கிருமி இல்லாமல் குளிர்ச்சி மட்டும் இதைக் கொண்டுவராது. ஒரே தண்ணீர் பாட்டிலில் நாலு பிள்ளைகள் வாய் வைத்துக் குடிப்பதுதான் கொண்டுவரும். வாயைத் திறக்க முடியாமல் போனாலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிந்தாலோ, மூச்சு இழுத்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் உடனே வரச் சொன்னார். டான்சிலை எடுத்துவிடலாமா என்றும் கேட்டேன். ஓராண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டு ஐந்தைந்து முறை என்று வந்தால் அதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் தெருவில் விளையாடப் போய்விட்டாள். எல்லா வீட்டிலும் மருந்து நிற்பது இந்த நாளில்தான். நான் தினசரி நாள்காட்டித் தாளைக் கிழிக்காமல், ஒவ்வொரு தாளிலும் வேளைக்கு ஒரு கோடு போட்டேன். அக்கா தினமும் இரவு எட்டு மணிக்குப் போன் செய்வாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "குடுத்தியா?" என்பாள், வைத்துவிடுவாள்.

பத்தாம் நாள் போனை மகளே எடுத்தாள். "பெரியம்மா, ரெண்டாவது பாட்டிலும் காலி" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அக்கா, "எங்க, வாயைத் திறந்து ஆ சொல்லு" என்றாள். போனுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு இவளும் நீளமாக ஆ சொன்னாள்.